பார் கோக்பாவின் நாணயத்தில் இருப்பது நட்சத்திரமா?

ஏட்டுச்சுரைக்காய் | இரவு 8.40

யூதர்களின் மேசியா (வரப்போகும் மீட்பர்) நம்பிக்கையைப் பற்றி உலக வரலாறு பகுதியில் நண்பர் மெய்ப்பொருள் இன்று காலை எழுதியதைப் படித்ததிலிருந்து மதியச் சோறு இறங்கவில்லை. அங்கேயே பதில் எழுதியிருப்பேன். தலைப்பை விட்டு விலகுகிறேன் என்று மட்டுறுத்துநர் கத்தரிக்கோலோடு வந்துவிடுவார். ஆகவே தனி இழை. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"கி.பி. 132இல் ரோமுக்கு எதிராகக் கிளம்பிய பார் கோக்பா தன்னையே மேசியா என்று அறிவித்துக்கொண்டான். அதற்கு அடையாளமாகத் தன் நாணயங்களில் நட்சத்திரம் பொறித்தான். அக்காலத்து ரபிகள் (யூத மத அறிஞர்கள்) அனைவரும் அவனை ஏற்றுக்கொண்டார்கள்."

எவ்வளவு துணிச்சல்! அவன் தன்னை மேசியா என்று சொல்லிக்கொண்டதற்கு அவன் கையிலிருந்து வந்த ஒரு வரி உண்டா? காசுகளில் என்ன பெயர் இருக்கிறது? "ஷிமோன்", அவன் இயற்பெயர். சிலவற்றில் "இஸ்ரவேலின் தலைவன் ஷிமோன்". வேறு சிலவற்றில் "ஆசாரியன் எலெயாசர்". மேசியா என்று ஒன்றில்கூட இல்லை. கோயில் முகப்புக்கு மேலே இருக்கும் ஒரு கீறலைப் பார்த்துவிட்டு நட்சத்திரம் என்கிறார். நட்சத்திரம் எங்கே இருக்கிறது? காட்டட்டும்.

மெய்ப்பொருள் | இரவு 9.05

பெயரைப் பொருத்தமாகத்தான் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கறிக்கு உதவாது.

ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த பாபிலோனியத் தல்மூதில் சன்ஹெட்ரின் பகுதியின் 93ஆம் ஏட்டைத் திறந்து பாருங்கள். பார் கோசிபா (அங்கே பார் கோக்பாவின் பெயர்) இரண்டரை ஆண்டுகள் ஆண்டான். ரபிகளிடம் வந்து "நானே மேசியா" என்றான். மேசியா கண்ணால் கண்டு தீர்ப்புச் சொல்ல மாட்டான், மோந்து பார்த்தே நியாயம் அறிவான் என்று ஏசாயா சொல்லியிருக்கிறாரே, உன்னால் முடியுமா என்று அவர்கள் சோதித்தார்கள். முடியவில்லை. கொன்றுவிட்டார்கள். இதற்குமேல் என்ன அறிவிப்பு வேண்டும்? முச்சந்தியில் தண்டோரா போட்டிருக்க வேண்டுமா?

எண்ணாகமம் 24:17இல் "ஒரு நட்சத்திரம் யாக்கோபிலிருந்து உதிக்கும்" என்று வருகிறது. அந்த வரியை அவனுக்குப் பொருத்தி, "இவனே மேசியா அரசன்" என்று சொன்னவர் ரபி அகீவா. அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய அறிஞர். அப்படிப்பட்டவர் வாயால் கோக்பா, அதாவது நட்சத்திரம், என்று பெயர் வாங்கியவன் காசில் கோயிலுக்கு மேலே நட்சத்திரம் போடாமல் பூசணிக்காயா போடுவான்? இருப்பது நட்சத்திரம்தான்.

ஏட்டுச்சுரைக்காய் | இரவு 9.22

வந்துவிட்டார் சன்ஹெட்ரினைத் தூக்கிக்கொண்டு. அந்தத் தொகுப்பு எழுந்தது பாபிலோனில், கலகம் அடங்கிச் சில நூற்றாண்டுகள் கழித்து. தோற்றுப்போனவனைப் பற்றித் தோல்வியின் கசப்போடு சொன்ன கதை அது. எருசலேம் தல்மூதில் அவன் சாவு வேறு மாதிரி இருக்கிறது: தலையைக் கொய்து ரோமப் பேரரசன் ஹேட்ரியனிடம் கொண்டுபோனார்கள், உடலைத் தேடியபோது பாம்பு சுற்றிக்கொண்டிருந்தது என்று. ஒரே மனிதனை ரபிகளும் கொன்றார்களா, பாம்பும் கொன்றதா? இரண்டில் எதை நம்புவது என்று மெய்ப்பொருள் முடிவு செய்துவிட்டுச் சொல்லட்டும்.

"ரபிகள் அனைவரும்" என்ற அண்டப்புளுகுக்கு வருகிறேன். அகீவா அப்படிச் சொன்னதும் யோகனான் பென் தோர்த்தா என்ன சொன்னார்? "அகீவா, உன் தாடையில் புல் முளைத்துவிடும், அப்போதும் தாவீதின் மகன் வந்திருக்க மாட்டான்." எருசலேம் தல்மூத், தானித் பகுதி. அகீவா சொன்னதற்கு அடுத்த வரியிலேயே இது இருக்கிறது. அகீவாவை மட்டும் எடுத்துக்கொண்டு பென் தோர்த்தாவை விழுங்கிவிடுவது எந்த ஊர் நேர்மை?

கேட்டது நட்சத்திரம். அதைக் காணோம்.

தேடல்மணி | இரவு 9.30

வணக்கம். குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மேசியா என்று இங்கே எல்லாரும் எந்தப் பொருளில் சொல்கிறீர்கள் என்று முதலில் தெளிவுபடுத்திக்கொண்டால் நல்லது. எபிரேய வேதத்தில் தைலத்தால் அபிஷேகம் பெற்ற எந்த அரசனும் ஆசாரியனும் அந்தப் பெயருக்கு உரியவர்களே. ஏசாயா 45இல் பாரசீக அரசன் கோரேசையே கடவுள் அப்படி அழைக்கிறார், அவன் யூதன்கூட இல்லை. கடைசிக் காலத்தில் வரும் ஒரே மீட்பர் என்ற எண்ணம் பிற்காலத்தில் வலுப்பெற்றது. பார் கோக்பாவை அகீவா எந்தப் பொருளில் மேசியா அரசன் என்றார்? ரோமை விரட்டப்போகும் அரசனாகவா, உலகை மாற்றப்போகும் மீட்பராகவா?

செப்புக்காசு | இரவு 9.41

இந்தக் களத்தில் நாணயவியல் படித்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருக்கிறோம். எல்லாரும் நாணயத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், ஒருவரும் நாணயத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நீங்கள் சண்டை போடுவது செலா என்ற வெள்ளிக் காசைப் பற்றி. எடை சுமார் 14 கிராம். ஒரு பக்கம் நான்கு தூண்களோடு கோயில் முகப்பு, நடுத் தூண்களுக்கிடையே பெட்டி போன்ற ஒன்று. அது உடன்படிக்கைப் பெட்டியா, அப்பம் வைக்கும் மேசையா என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. மறுபக்கம் பேரீச்சங் குருத்துக் கட்டும் எத்ரோக் என்ற எலுமிச்சை இனப் பழமும். கலகக்காரர்கள் புதிதாக வெள்ளி உருக்கவில்லை. புழக்கத்தில் இருந்த ரோமக் காசுகளின் மேலேயே தங்கள் அச்சை வைத்து அடித்தார்கள். நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் சில காசுகளில் கோயில் தூண்களுக்கு அடியில் பேரரசரின் கழுத்தும் பழைய கிரேக்க எழுத்தின் வாலும் தெரியும்.

முகப்புக்கு மேலே வருவது எல்லாக் காசிலும் ஒன்றல்ல. சிலவற்றில் நட்சத்திரம் போன்ற உரு, சிலவற்றில் அலைபோன்ற கோடு, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. உருவையும் பூ என்று சொல்லும் நாணயவியலாளர்கள் இருக்கிறார்கள். இது தெரியாமல் "காசில் நட்சத்திரம் உண்டா இல்லையா" என்று பட்டிமன்றம் நடத்துவது வீண் வேலை.

மெய்ப்பொருள் | இரவு 9.48

நன்றி செப்புக்காசு. "நட்சத்திரம் போன்ற உரு" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஏட்டுச்சுரைக்காய் இப்போது என்ன சொல்கிறார்?

செப்புக்காசு | இரவு 9.50

"போன்ற" என்றேன்.

ஏட்டுச்சுரைக்காய் | இரவு 9.58

"போன்ற" என்றாரே, கேட்டதா? பூ என்று சொல்பவர்களும் உண்டு என்றாரே, அதைக் கண் தாண்டிவிட்டதா?

சரி, ஒரு பேச்சுக்கு நட்சத்திரம் என்றே வைத்துக்கொள்வோம். அலெக்சாண்டர் யன்னாய் என்ற ஹஸ்மோனிய வம்சத்து யூத அரசன் கி.மு. 103 முதல் 76 வரை ஆண்டான். அவன் செப்புக்காசில் அரச முடிப்பட்டைக்குள் எட்டுக் கதிரோடு பளிச்சென்று நட்சத்திரம் இருக்கிறது. அவனை எந்த ரபி மேசியா என்றார்? பரிசேயர்கள் என்ற யூத மதக் குழுவினரைக் கொன்று குவித்தவன் அவன். நட்சத்திரம் போட்டவனெல்லாம் மேசியா என்றால் யன்னாயும் மேசியாவா? பதில் தேவை.

தாமிரபரணியான் | இரவு 10.06

நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நட்சத்திரம் என்ற உடனே எங்களுக்கு மத்தேயு இரண்டாம் அதிகாரம் நினைவுக்கு வந்துவிடும். கிழக்கில் தோன்றிய நட்சத்திரத்தைப் பார்த்து ஞானிகள் பெத்லகேமுக்கு வந்தார்கள். ஆக மேசியாவுக்கும் நட்சத்திரத்துக்கும் தொடர்பு அக்காலத்து யூதர்களுக்குத் தெரிந்த விஷயமே. 4ஆம் நூற்றாண்டில் யூசிபியஸ் தன் திருச்சபை வரலாற்றில் பார் கோக்பா தானே வானத்திலிருந்து இறங்கிய சுடர் என்று பெயரைக் காட்டி மக்களை ஏமாற்றினான் என்கிறார். அவனைப் பின்பற்ற மறுத்த கிறிஸ்தவர்களை அவன் தண்டித்ததாகக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் எழுதுகிறார். ஜஸ்டின் ஏறக்குறைய அவன் காலத்தவர். அவன் வெறும் படைத்தலைவன் என்றால் கிறிஸ்தவர்களுக்கு என்ன சிக்கல் வந்திருக்கும்? ஒரு மேசியாவை ஏற்றுக்கொண்டவர்களால் இன்னொரு மேசியாவை ஏற்க முடியவில்லை, அதுதான்.

ஏட்டுச்சுரைக்காய் | இரவு 10.20

யூசிபியஸ்! கலகம் முடிந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து, எதிர்முகாமில் உட்கார்ந்துகொண்டு எழுதிய பேராயர். கட்சிக்காரர் எழுதிய குற்றப்பத்திரிகையைத் தீர்ப்பு என்று படிக்கச் சொல்கிறீர்கள். படைக்கு வர மறுத்தவனைத் தண்டிக்காத படைத்தலைவன் எங்கே இருக்கிறான்? அதற்கு மேசியாவாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

அவன் கடிதங்களையே பார்ப்போம். 1960இல் தொல்லியலாளர் யிகேல் யாதின் குழு சாக்கடல் ஓரத்தில் நகால் ஹேவர் குகையில் ஒரு கட்டுக் கடிதங்களைக் கண்டெடுத்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் முரபாத் பள்ளத்தாக்கிலும் கிடைத்தன. அரமேயம், எபிரேயம், கிரேக்கம். அவற்றில் இந்த "வானச் சுடர்" என்ன எழுதுகிறான் தெரியுமா? கலிலேயரைத் தொட்டால் உன் காலில் விலங்கு மாட்டுவேன், பென் அஃப்லூலுக்குச் செய்ததைப் போல, என்று ஓர் அதிகாரியை மிரட்டுகிறான். கூடாரப் பண்டிகைக்குப் பேரீச்சங் குருத்தும் எத்ரோக் பழமும் ஏற்றிவர இரண்டு கழுதைகளை அனுப்புகிறேன், உன் பக்கத்திலிருந்து மிருதுச் செடியும் அலரிக் கொப்பும் அனுப்பு, தசமபாகத்தை மறக்காதே, பாளையத்தில் ஆள் அதிகம் என்று யெகுதா பார் மெனாசேக்கு எழுதுகிறான். ரோம் கழுத்தை நெரிக்கும்போதும் பண்டிகைக்குப் பழம் தேடுகிறான். தாவீதின் வம்சம் என்று ஒரு வார்த்தை இல்லை, மீட்பர் என்று ஒரு வார்த்தை இல்லை. மேசியா கழுதையின் மேல் வருவான் என்று சகரியா சொன்னார். இவன் இரண்டு கழுதை வைத்திருந்தும் இரண்டையும் பழம் ஏற்ற அனுப்பிவிட்டான்!

கடலோடி | இரவு 10.31

நாணயம், கழுதை எல்லாம் இருக்கட்டும் நண்பர்களே. நான் நியூயார்க்கில் இருக்கிறேன். புரூக்ளின் பக்கம் கிரவுன் ஹைட்ஸுக்கு ஒரு முறை வந்து பாருங்கள். மஞ்சள் துணியில் கிரீடம் போட்டு, மேசியா என்று எழுதிய கொடி இன்றும் பறக்கிறது. லுபாவிச் என்ற ஹசிதிய (பக்தி மரபு யூத) இயக்கத்தின் தலைவர் மெனாகெம் மெண்டல் ஷ்னீர்சன் 1994 ஜூனில் காலமானார். அவரே மேசியா, திரும்பி வருவார் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே இயக்கத்தில் அதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். இது நம் கண்முன்னால் நடப்பது. நீங்கள் 1,900 ஆண்டு பழைய வெள்ளிக் காசைச் சுரண்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

மெய்ப்பொருள் | இரவு 10.37

கழுதையைப் பற்றிக் கேலி பேசுகிறவர் சன்ஹெட்ரின் 98ஐப் படித்திருக்க வேண்டும். மேசியா மேகங்களோடு வருவான் என்று தானியேல் சொல்கிறார், கழுதைமேல் வருவான் என்று சகரியா சொல்கிறார், எது சரி என்று யோசுவா பென் லேவி கேட்கிறார். அவரே விடையும் சொல்கிறார்: மக்கள் தகுதியோடு இருந்தால் மேகங்களோடு, இல்லாவிட்டால் கழுதைமேல். இது யூதர்கள் நூற்றாண்டுகளாகச் சிந்தித்த விஷயம். இதை வைத்து நீங்கள் நகைச்சுவை செய்கிறீர்கள்.

காசில் நட்சத்திரம் இருக்கிறது.

உமையாள் | இரவு 10.45

அதே 98ஆம் ஏட்டில் அடுத்து வருவதையும் சொல்லியிருக்கலாமே, மெய்ப்பொருள் ஐயா. பாரசீக அரசன் ஷாபூர் ரபி சாமுவேலைக் கிண்டல் செய்கிறான்: "உங்கள் மேசியா கழுதையிலா வருவான்? என் குதிரை ஒன்றை அனுப்பி வைக்கிறேன்." சாமுவேல் திருப்பிக் கேட்கிறார்: "நூறு நிறமுள்ள குதிரை உன்னிடம் இருக்கிறதா?" தல்மூதே சிரித்துக்கொண்டுதான் பேசுகிறது. நீங்கள் எதற்கு இவ்வளவு கடுகடுப்பு?

இன்னொன்று. ஆண் பிள்ளைகள் எல்லாரும் நாணயத்தில் தொங்குகிறீர்கள். யூதச் சட்ட அறிஞர் மைமோனிடீஸ் 12ஆம் நூற்றாண்டில் மிஷ்னே தோரா என்ற சட்டத் தொகுப்பில், அரசர்களைப் பற்றிய சட்டங்களின் 11ஆம் அதிகாரத்தில் பார் கோக்பாவை எதற்காக இழுக்கிறார் என்று ஒருவராவது பார்த்தீர்களா? மேசியா அற்புதம் செய்ய வேண்டியதில்லை, இறந்தவர்களை எழுப்ப வேண்டியதில்லை என்று நிறுவத்தான். அகீவா அவ்வளவு பெரிய அறிஞர், அவனுக்கு ஆயுதம் சுமந்தவர், அவரே அடையாளம் எதுவும் கேட்கவில்லையே என்கிறார். தாவீது வழிவந்த அரசன், சட்டத்தைக் காப்பவன், இறைவனின் போர்களைப் புரிபவன் என்றால் மேசியா என்று அனுமானிக்கலாம். கோயிலைக் கட்டி, சிதறியவர்களைச் சேர்த்துவிட்டால் உறுதி. கொல்லப்பட்டால் அவன் வேறு ஆள். ஓநாயும் ஆடும் சேர்ந்து வாழும் என்பதெல்லாம் உவமை, உலகம் தன் வழக்கப்படிதான் நடக்கும் என்றும் அடுத்த அதிகாரத்திலேயே சொல்லிவிடுகிறார். நம்பிக்கையின் உயிர் இங்கே இருக்கிறது. நீங்கள் காசின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருக்கிறீர்கள்.

மெய்ப்பொருள் | இரவு 10.52

அம்மா, மிக்க நன்றி. அதே அதிகாரத்தில் மைமோனிடீஸ் இன்னொன்றும் எழுதுகிறார்: அகீவாவும் "அவர் தலைமுறையின் எல்லா அறிஞர்களும்" அவனை மேசியா அரசன் என்று எண்ணினார்கள் என்று. எல்லா அறிஞர்களும்! நான் காலையில் எழுதியது வேறு என்ன? தல்மூதைக் கரைத்துக் குடித்த மைமோனிடீஸுக்குத் தெரியாத பென் தோர்த்தா ஏட்டுச்சுரைக்காய்க்கு மட்டும் தெரிந்துவிட்டாரா?

ஏட்டுச்சுரைக்காய் | இரவு 11.03

மைமோனிடீஸுக்குப் பென் தோர்த்தாவைத் தெரியாமல் இருந்திருக்காது. தன் வாதத்துக்கு இடைஞ்சல் என்று ஒதுக்கியிருப்பார். அவரோடு அன்றே சண்டை பிடித்தவர் உண்டு. புரோவான்சில் வாழ்ந்த ஆபிரகாம் பென் தாவீது அந்த இடத்துக்கே மறுப்பு எழுதினார்: ரபிகள் அவனைச் சோதித்தார்களே, மோந்து தீர்ப்புச் சொல்லத் தெரியாததால் கொன்றார்களே, அடையாளம் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்கிறாய் என்று. ஆக "எல்லா அறிஞர்களும்" என்பது மைமோனிடீஸின் சொந்தச் சரக்கு.

மெய்ப்பொருள் | இரவு 11.07

ஹா! நீங்கள் கூட்டிவந்த சாட்சியே என் பக்கம் பேசுகிறார். ஆபிரகாம் பென் தாவீது எதைக் காட்டி மறுக்கிறார்? நான் 9.05க்குக் காட்டிய அதே சன்ஹெட்ரின் 93. அதில் அவன் என்ன சொல்கிறான்? "நானே மேசியா." சற்று முன்னால் அது பிற்காலக் கதை என்று தள்ளினீர்கள். இப்போது மைமோனிடீஸை அடிக்க அதையே தடியாக எடுக்கிறீர்கள். ஒன்று அதை ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது கீழே போடுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய் | இரவு 11.15

எல்லாரும் ஏற்கவில்லை என்று காட்டத்தான் அதை எடுத்தேன். அவன் சொன்னான் என்று காட்ட அல்ல. இந்த வித்தியாசம் புரியாதவரோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவது?

நட்சத்திரத்துக்கு வாருங்கள். யன்னாய் காசில் எட்டுக் கதிர். இதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

ஏட்டுச்சுரைக்காய் | இரவு 11.19

இன்னும் வரவில்லை.

தேடல்மணி | இரவு 11.21

நான் கேட்டதற்கும் இன்னும் பதில் வரவில்லை. 1885இல் பிட்ஸ்பர்க்கில் கூடிய அமெரிக்கச் சீர்திருத்த ரபிகள் தனி மனித மேசியாவையே விட்டுவிட்டு, உண்மையும் நீதியும் அமைதியும் நிலவும் காலம் என்று அந்த நம்பிக்கையை மாற்றிக்கொண்டார்கள். வைதிக யூதரோ தாவீதின் தளிர் துளிர்க்க வேண்டும் என்று நாள்தோறும் மூன்று வேளை வேண்டுகிறார். இரண்டையும் ஒரே பெயரில் வைத்துப் பேசினால் விவாதம் எங்கே போய் முடியும்?

கடலோடி | இரவு 11.26

தேடல்மணி சொல்வது நூற்றுக்கு நூறு. ஆனால் உமையாள் அம்மா சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகம். கொல்லப்பட்டால் மேசியா அல்ல என்று மைமோனிடீஸ் சொன்னது லுபாவிச்காரர்களுக்குத் தெரியாதா? அவர்கள் மடங்களில் மைமோனிடீஸை அன்றாடப் பாடமாகவே படிக்கிறார்களே. நோயில் இறந்தவர் கொல்லப்பட்டவர் ஆக மாட்டார் என்று வாதாடுகிறவர்களை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

உமையாள் | இரவு 11.34

கேட்டிருப்பீர்கள். இறந்தவர் மேசியா என்று சொல்லிக்கொண்டு போனால் அப்புறம் தாமிரபரணியானோடு என்ன சண்டை என்று கேட்கிற வைதிக யூதர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களையும் நேரில் கேளுங்கள்.

தாமிரபரணியான் | இரவு 11.38

அக்கா, என்னை எதற்கு நடுவில் இழுக்கிறீர்கள்? நான் யூசிபியஸோடு நிறுத்திக்கொண்டேன்.

கடலோடி | இரவு 11.40

அங்கே இன்னொரு கூட்டம், சத்மார் ஹசிதியர்கள். மேசியா வருமுன் நாடு அமைத்ததே பாவம் என்று தல்மூதின் கேதுபோத் 111இல் வரும் மூன்று சத்தியங்களைக் காட்டுகிறார்கள். இஸ்ரேலின் தலைமை ரபிகளோ நாடு பிறந்த 1948இலேயே "நம் மீட்பின் முதல் துளிர்" என்று வேண்டுதல் எழுதினார்கள். இதில் யார் சரி என்று கேட்டால்

[இப்பதிவின் பிற்பகுதி நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர் | இரவு 11.44

நிகழ்கால அரசியல் இந்தப் பகுதியில் அனுமதி இல்லை. கடலோடியின் பதிவில் பாதியை நீக்கியிருக்கிறேன். இழையின் தலைப்பு நாணயம். தனிநபர் பெயரைக் கேலி செய்வதையும் நிறுத்துங்கள்.

ஏட்டுச்சுரைக்காய் | இரவு 11.47

என் பெயரை முதலில் கேலி செய்தவர் யார் என்று 9.05 பதிவைப் பார்க்கவும். அங்கே மட்டும் கத்தரி வேலை செய்யாது. போன மாதம், தன்னை மேசியா என்று சொல்லிக்கொண்ட சபத்தாய் செவி பற்றிய இழையிலும் இதே கதைதான். 1666இல் எதிர்னேயில் சுல்தான் முன்னால் அவன் தலைப்பாகை கட்டி மதம் மாறியதை நான் எழுதினேன். "மாறவில்லை, மாற்றப்பட்டான்" என்று இந்த மெய்ப்பொருள் எட்டுப் பக்கத்துக்கு இழுத்தார். கடைசியில் பூட்டியது என் பதிவை.

மெய்ப்பொருள் | இரவு 11.55

மரணமா மதமாற்றமா என்று கேட்டால் அது வற்புறுத்தல்தான். அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அரசவையில் சம்பளம் வாங்கிக்கொண்டு அசீஸ் மெகமத் என்று பெயர் மாற்றிக்கொண்டான், அதனால் சம்மதம் என்று நீங்கள் வாதாடினீர்கள். அவனைப் பின்பற்றி மதம் மாறிய தொன்மேக்கள் சலோனிகாவில் இருபதாம் நூற்றாண்டுவரை இருந்தார்கள். மேசியா மதம் மாறினாலும் அதற்குள் ஒரு மறைபொருள் தேடுகிற அளவுக்கு அந்த நம்பிக்கை ஆழமானது. இதைப் புரிந்துகொள்ள ஏடு போதாது, மனம் வேண்டும்.

யன்னாய் காசில் இருப்பது அரச அடையாளம். பார் கோக்பா காசில் நட்சத்திரம் கோயிலுக்கு மேலே இருக்கிறது. இடம் முக்கியம். கோயிலைக் கட்டுகிறவன் மேசியா என்று மைமோனிடீஸ் சொன்னதாக அம்மா எழுதினாரே, அதைப் படித்தீர்களா?

உமையாள் | நள்ளிரவு 12.01

நான் எழுதியதை நாணயத்துக்கு மேலே ஒட்டாதீர்கள். மைமோனிடீஸ் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகள் முன்னால் அடித்த காசு அது.

ஏட்டுச்சுரைக்காய் | நள்ளிரவு 12.04

அம்மாவே சொல்லிவிட்டார்.

உமையாள் | நள்ளிரவு 12.06

உங்களுக்காகவும் சொல்லவில்லை. ரபி ஹில்லேல் என்று ஒருவர், பெரிய ஹில்லேல் அல்ல, சன்ஹெட்ரின் 99இல் "இஸ்ரவேலுக்கு மேசியா இல்லை, எசேக்கியா அரசன் காலத்திலேயே அனுபவித்துத் தீர்த்துவிட்டார்கள்" என்கிறார். ரபி யோசேப் "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று முடித்துக்கொள்கிறார். மேசியாவே கிடையாது என்று சொன்னவரைக்கூட அவர்கள் ஏட்டிலிருந்து வெட்டவில்லை. நீங்கள் இருவரும் ஒரு பொறிப்புக்காக ஒருவரையொருவர் கடித்துக் குதறுகிறீர்கள்.

ஏட்டுச்சுரைக்காய் | நள்ளிரவு 12.12

ஹில்லேலை நானே மேற்கோள் காட்டுவதாக இருந்தேன். மேசியாவே இல்லை என்று சொன்ன ரபியும் இருந்தார் என்றால், "ரபிகள் அனைவரும்" என்ற பேச்சுக்கு இனி இடம் உண்டா?

மெய்ப்பொருள் | நள்ளிரவு 12.15

அந்த ஹில்லேல் பார் கோக்பாவுக்கு எத்தனை தலைமுறை பிந்தியவர் என்று பாருங்கள். காலக்கணக்கு தெரியாதவர் காலையில் என் பதிவில் ஓட்டை தேடுகிறார்.

செப்புக்காசு | நள்ளிரவு 12.20

காலக்கணக்கு பற்றி ஒன்று. காசுகளில் "இஸ்ரவேலின் மீட்பின் முதலாம் ஆண்டு", அடுத்து "இஸ்ரவேலின் விடுதலையின் இரண்டாம் ஆண்டு", அதன்பின் ஆண்டு இல்லாமல் "எருசலேமின் விடுதலைக்காக" என்று வருகின்றன. முதலாம் ஆண்டில் மீட்பு, பிறகு விடுதலை. இதைப் பற்றிப் பேச ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்களுக்கு வேண்டியது நட்சத்திரம் மட்டும்.

மெய்ப்பொருள் | நள்ளிரவு 12.23

மீட்பு! மீட்பு என்று காசிலேயே இருக்கிறது. மேசியாவின் காலம் தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஏட்டுச்சுரைக்காய் | நள்ளிரவு 12.29

மீட்பு என்றால் ரோமிடமிருந்து மீட்பு. "இவ்வுலகத்துக்கும் மேசியாவின் நாட்களுக்கும் பேரரசுகளின் நுகம் நீங்குவது தவிர வேறு வித்தியாசம் இல்லை" என்று சாமுவேலே தல்மூதில் சொல்கிறார். ஷாபூரிடம் குதிரை கேட்ட அதே சாமுவேல்.

தேடல்மணி | நள்ளிரவு 12.31

ஐயா, அப்படியானால் நுகம் நீக்கப் புறப்பட்டவன் என்ற பொருளில் அவன் மேசியாதானே? இதைத்தான் நான் தொடக்கத்திலிருந்து

ஏட்டுச்சுரைக்காய் | நள்ளிரவு 12.33

தேடல்மணி, நீங்கள் நடுவில் புகுந்து குழப்பாதீர்கள். கேள்வி மேசியாவைப் பற்றியது அல்ல. காசில் நட்சத்திரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இன்னும் படம் போடவில்லை.

மெய்ப்பொருள் | நள்ளிரவு 12.36

பிரிட்டிஷ் மியூசியத்திலும் இருக்கிறது, எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்திலும் இருக்கிறது. போய்ப் பாருங்கள். கண்ணாடி அணிந்துகொண்டு போங்கள்.

மட்டுறுத்துநர் | நள்ளிரவு 12.40

இருவருக்கும் இறுதி எச்சரிக்கை. காலைவரை இழை மட்டுப்படுத்தப்பட்ட நிலையில் இருக்கும். பதிவுகள் என் ஒப்புதலுக்குப் பின்னரே வெளிவரும்.

மெய்ப்பொருள் | காலை 7.10

இங்கே பேசிப் பயனில்லை. பார் கோக்பா போரின் சேதம் பற்றி ரோம வரலாற்றாசிரியர் காஸியஸ் டியோ தரும் எண்ணிக்கைகள் நம்பத்தக்கவையா என்று தனி இழை தொடங்கியிருக்கிறேன். 580,000 பேர் கொல்லப்பட்டதாக அவர் எழுதுகிறார். அறிவோடு பேச விரும்புகிறவர்கள் அங்கே வரலாம்.

ஏட்டுச்சுரைக்காய் | காலை 7.18

வந்தேன். முதல் வரியிலேயே பிழை. டியோ 985 ஊர்கள் அழிந்ததாகச் சொல்கிறார். நீங்கள் 958 என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேயே விரிவாகப் பதில் எழுதுகிறேன்.